செவலை படுத்துத் தூங்கிய இரவு

கேள்வி: நெருங்கிய ஒருவரை இழந்த துக்கத்திலிருந்து மீள்வதற்குக் குதிரையோடு பழகுவது உதவும் என்கிறார்களே, உண்மையா? நேரடி அனுபவம் உள்ளவர்கள் சொல்ல முடியுமா?

எங்கள் வீட்டில் உதவியது. ஆனால் உதவிய விதம் நான் எதிர்பார்த்திராத ஒன்று. எங்களைப் போலவே எங்கள் குதிரையும் உடைந்துபோயிருந்தது. அதை நாங்கள் ஒன்றரை மாதம் கவனிக்கவே இல்லை. கவனித்த பிறகுதான் என் அப்பாவுக்குத் தூக்கம் வந்தது. அதை நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில், மழை குறைந்த மேட்டு நிலத்தில் இருக்கிறது. கிளுவை வேலி சூழ்ந்த கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலம், அதில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரங்கள், மேய்வதற்குக் காங்கயம் மாடுகள் என்றுதான் மூன்று தலைமுறையாக எங்கள் பிழைப்பு நடக்கிறது. குதிரை எங்கள் குடும்பத்துக்குப் புதிது. 2013 ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்கு நண்பர்களோடு வேடிக்கை பார்க்கப் போன என் தம்பி, நான்கு வயதுப் பெட்டைக் குதிரை ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினான். குஜராத் பக்கத்துக் கத்தியவாரி கலந்த இனம். காது நுனிகள் இரண்டும் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். மாடுகளை மயிலை, காரி, பிள்ளை என்று நிறத்தை வைத்தே அழைக்கிற எங்கள் வழக்கப்படி, அதற்கும் செவலை என்ற பெயர் நின்றுவிட்டது. உழவுக்கும் ஆகாத, பாலுக்கும் ஆகாத உருப்படிக்கு யார் தீனி போடுவது என்று அப்பா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. தம்பி எதிர்த்துப் பேசாமல், மாடு கட்டும் கொட்டகையான கட்டுத்தறியின் ஓரத்தில் அதற்குத் தனியாகக் கூரை போட்டான். அடுத்த கோடையில் வீட்டுக்குள் புழுக்கமாக இருக்கிறதென்று அதன் பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுக்கத் தொடங்கியவன், பிறகு மழை நாள் தவிர எல்லா நாளும் அங்கேயே படுத்தான். அந்தக் கட்டில் அப்போது எங்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

2017 மாசியில், இரவு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தபோது லாரி மோதி அவன் இறந்தான். அவனுக்கு 26 வயது. பிரேதப் பரிசோதனை முடிந்து மறுநாள் சாயங்காலம்தான் உடல் வந்தது. முகம் மட்டும் தெரியும்படி சுற்றியிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தியதால், வாசலில் வைத்திருந்ததே முக்கால் மணி நேரம்தான். கட்டுத்தறி வீட்டுக்குப் பின்புறம் இருக்கிறது. அங்கிருந்து வாசல் தெரியாது.

இழவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. பங்காளிகள் வீட்டிலிருந்தோ பக்கத்துத் தோட்டங்களிலிருந்தோ சோறு வரும். அன்று இரவு பத்து மணி இருக்கும், அழுது ஓய்ந்து சுவரோரம் கிடந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, “அம்மிணி, செவலைக்கு ஆராச்சும் கொள்ளு வேக வெச்சாங்களா?” என்று கேட்டார். யாரும் வைத்திருக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து அத்தை தன் வீட்டு அடுப்பில் வேக வைத்து, ஆற வைத்து, தூக்குப்போசியில் கொண்டுவந்தார். குதிரையின் இரைப்பை அதன் உடம்பின் அளவுக்கு மிகச் சிறியது. நாளின் பெரும்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும்படி அமைந்த குடல் அதற்கு. வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. வேளை தவறிப் பட்டினி கிடந்தாலோ, பட்டினிக்குப் பிறகு மொத்தமாகத் தின்றாலோ குடல் நோவு வந்து உயிரே போகக்கூடும். ஆகவே, எங்களுக்கு வாழ்க்கை நின்றுபோன அன்றைக்கும் அதன் வேளை நிற்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர், புல், சாணம் அள்ளுதல் என்று யாராவது எழுந்தே ஆக வேண்டியிருந்தது. நான் எழுந்தேன். கோவையில் இருந்த என் வீட்டுக்கு நான் அப்போது திரும்பவில்லை. அம்மாவையும் அப்பாவையும் தனியாக விட்டுப்போக மனம் வரவில்லை.

கருமாதிக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் கட்டுத்தறிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, செவலையின் கழுத்தில் ஆகாத சுழி இருக்கிறது, அதுதான் பையனைக் கொண்டுபோய்விட்டது என்றார். குதிரை வாங்குகிறவர்கள் மயிர் சுழிந்து வளரும் இடங்களைப் பார்த்து நல்ல சுழி, கெட்ட சுழி என்று பிரிப்பதும், சந்தையில் அதனால் விலையே ஏறி இறங்குவதும் எங்கள் பக்கம் அறியாதவை அல்ல. ஆனால் சுழி என்பது குட்டி கருவில் இருக்கும்போதே அமைந்துவிடும் மயிரின் போக்கு. இருட்டில் ஓடிவந்த லாரிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. துக்க வீட்டில் காரணம் தேடித் தவிக்கிற மனத்துக்கு முன்னால் இப்படி ஒரு காரணத்தை வைத்துவிட்டுப் போவதைப் போன்ற கொடுமை வேறில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அப்பா அதை நம்பினார். நம்பினால்தான் கோபப்பட ஓர் இடம் கிடைக்கும் என்பதால் நம்பினார் என்று எனக்குப் பிறகு புரிந்தது. ஆடிச் சந்தையில் அதை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார்.

அதன் பிறகு அப்பா கட்டுத்தறிக்குள் நுழைந்தாலே செவலை பின்வாங்கும், காதுகளைப் பின்னால் மடக்கிக்கொள்ளும். அவர் அதை ஒரு நாளும் அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வை நான் பின்னால் படித்தேன்: 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் படங்களைக் காட்டியபோது, கோபமான முகத்தைக் கண்டதும் அவை இடக்கண்ணால் பார்க்கும்படி தலையைத் திருப்பின, இதயத் துடிப்பும் சட்டென்று கூடியது. வேட்டையாடப்படும் விலங்காகவே வாழ்ந்து வந்த உயிர் அது. எதிரில் வருகிறவரின் தாடை இறுகியிருக்கிறதா, மூச்சு எப்படிப் போகிறது என்பதைப் பார்த்துத்தான் அது பிழைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்தவர்களிடம் “என்ன பண்றதுங்க, நம்ம கையிலயா இருக்குது” என்று அப்பா அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லை மனிதர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

என் அனுபவம் வேறு விதமானது. நான் அதுவரை குதிரை ஏறியதில்லை, இன்றுவரை ஏறவில்லை. தேய்த்துவிடுவது, குளம்புக்குள் சிக்கிய கல்லை எடுப்பது, தலைக்கயிற்றைப் பிடித்துக் கொரங்காட்டைச் சுற்றி நடத்திக் கூட்டி வருவது, அவ்வளவுதான். குதிரையின் கீழ்த்தாடை எலும்பின் உட்புறம் ஒரு நாளம் ஓடுகிறது. விரலை வைத்தால் நாடித் துடிப்பு தெரியும். ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும் என்று கால்நடை மருத்துவர் சொல்லிக் கொடுத்ததால், நான் தினமும் காலையில் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவேன். நம் துடிப்பில் பாதி வேகம்தான். எண்ணத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் என் மூச்சும் மெதுவாகிவிடும். அழுகை வரும் நாட்களில் அது என் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. நான் அழுதால் அது தலையை உயர்த்தி, காதுகளை என் பக்கம் திருப்பி, அழுது முடியும்வரை அசையாமல் நிற்கும். இழவுக்கு வந்தவர்களில் “அழாதே” என்று சொல்லாத ஒரே உயிர் அதுதான்.

பங்குனிக் கடைசியில் அதன் முன்னங்கால் முட்டிகளில் சிராய்ப்பைப் பார்த்தேன். மருந்து போட்டேன், ஆறுவதற்குள் மறுபடியும் புதிதாகச் சிராய்த்திருந்தது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த அந்த மருத்துவர் வந்து காயத்தைப் பார்த்துவிட்டுக் காயத்தைப் பற்றிப் பேசாமல், “ராத்திரி படுக்குதுங்களா?” என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அவர் விளக்கினார்: குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது பாதி உண்மை. மூட்டுகள் தாமாகப் பூட்டிக்கொள்வதால் நின்றபடி கண் அயர முடியும். ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு உடம்பு முழுதும் தளர வேண்டும், அதற்குப் படுத்தே ஆக வேண்டும். நாளுக்கு அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரம் பல நாள் கிடைக்காவிட்டால், நின்றபடியே தூக்கம் அழுத்தி, முன்னங்கால்கள் மடிந்து, முட்டி தரையில் இடித்து, திடுக்கிட்டு எழுந்து நிற்கும். மந்தையில் ஒன்று நின்று காவல் காக்கும்போதுதான் மற்றவை படுக்கும். தனியாக இருக்கிற குதிரை, பயமில்லை என்று தெரிந்தால் ஒழியப் படுக்காது. “முன்னெல்லாம் இதுகிட்ட ராத்திரி ஆருங்க இருந்தாங்க?” என்று கேட்டார்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கருமாதி கழிந்த நாளிலிருந்து அவரும் சரியாகத் தூங்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு மோட்டார் ரூமுக்குப் போவார், வேலியோரம் நடப்பார், வாசலில் வந்து நிற்பார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டபடி படுத்திருப்பார். அன்று இரவு சாப்பிட்ட பிறகு, யாரும் தொடாமல் சுவரில் சாத்தி வைத்திருந்த தம்பியின் கட்டிலை அப்பா தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முதல் சில நாள் செவலை சுவரோரமாக ஒதுங்கி நின்றே இருந்தது என்றார். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, விடியற்காலை கொள்ளு கொண்டுபோன நான் கட்டுத்தறிக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். செவலை பக்கவாட்டில் முழுதாகச் சாய்ந்து, கால்களை நீட்டி, கனவில் ஓடுவதுபோல் குளம்புகளைச் சிறிதாக அசைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் அப்பா வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் கொள்ளை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு இருவருமே ஆறு மணி தாண்டித்தான் எழுந்தார்கள்.

ஆடியில் அப்பா அந்தியூர் போனார். செவலையை ஏற்றாமல் போனார். நானும் கூடப் போனேன். வடக்கிலிருந்து வந்த உயர்ந்த சாதிக் குதிரைகளைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியடித்தது. பல்லைப் பிடித்து வயது பார்ப்பதும், நடக்க விட்டுக் கால் பார்ப்பதுமாக இருந்த அந்த நெரிசலையெல்லாம் தாண்டிப்போய், கல்யாண ஊர்வலத்தில் சாரட் இழுத்து ஓய்ந்த மட்டக் குதிரை ஒன்றின் முன்னால் அப்பா நின்றார். 18 வயது, முதுகு குழிந்த வெள்ளை. விற்கிறவருக்கே சங்கடமாகிவிட்டது. “இது வேலைக்கு ஆகாதுங்களே, எதுக்குங்க உங்களுக்கு?” என்றார். “தொணைக்குங்க” என்றார் அப்பா.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாடுகளில் மனநல ஆலோசகர்கள் குதிரைகளை வைத்துத் தரும் பயிற்சிகளில் பல, ஏறிச் சவாரி செய்வதை விட்டுவிட்டுத் தரையில் நின்று தேய்ப்பதும் நடத்திச் செல்வதுமாகவே அமைந்தவை என்று படித்தபோது எனக்கு வியப்பாக இல்லை. அத்தகைய இடம் உங்களுக்கு அருகில் இருந்தால் போய்ப் பாருங்கள். ஆனால் துக்கத்தை ஆற்றுவதற்காக ஒரு குதிரையை வாங்காதீர்கள். 25, 30 ஆண்டுகள் வாழக்கூடிய உயிர் அது. உங்கள் மனம் தேறிய பிறகும் அதற்கு ஐந்து மணிக்குத் தண்ணீர் வேண்டும். தூக்கம் வந்த பிறகும் என் அப்பாவுக்கு மனநல மருத்துவரும், எட்டு மாதம் மாத்திரையும் தேவைப்பட்டன. அதைச் சொல்ல எங்களுக்குக் கூச்சமில்லை. உங்களால் இரவைக் கடக்க முடியவில்லை என்றால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

அந்த வெள்ளை மட்டம் ஏழு ஆண்டுகள் எங்களோடு இருந்து, 2024இல் முதுமையில் இறந்தது. குழி தோண்ட இயந்திரம் வருவதற்குள் அப்பா ஒரு காரியம் செய்தார். செவலையை அவிழ்த்துக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் விட்டார். தம்பியை அதற்குக் காட்டாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டோம் என்ற எண்ணம் அவருக்குள் அத்தனை ஆண்டும் இருந்திருக்கிறது. அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னார். செவலை முகர்ந்தது, முன்னங்காலால் ஒருமுறை மெல்லத் தட்டியது, பிறகு வெகுநேரம் தலையைத் தாழ்த்தி நின்றது. யாரும் அதை இழுக்கவில்லை. அதுவாகத் திரும்பிப் புல்லுக்கு நடந்த பிறகுதான் மண் தள்ளினோம்.

அன்று இரவு 71 வயது அப்பா கட்டிலைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டே போய் மறுபடியும் பழைய இடத்தில் போட்டார். மூன்று இரவு செவலை நின்றுகொண்டே இருந்ததாம். நான்காம் நாள் காலையில் கோவைக்குப் போன் செய்து, “அம்மிணி, ரண்டு மணி வாக்குல படுத்துருச்சு” என்றார்.