விருந்தாளிக்கும் பகைவனுக்கும் ஒரே வேரா? லத்தீன் 'ஹோஸ்டிஸ்' பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, லத்தீனில் ஹோஸ்டிஸ் என்றால் பகைவன். ஆங்கில 'கெஸ்ட்' அதற்கு உறவு என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம். இரண்டுக்கும் மூலம், லத்தீன், ஜெர்மன், ரஷ்யன், சமஸ்கிருதம் முதலியவற்றுக்குப் பொதுவான இந்தோ-ஐரோப்பியத் தாய்மொழியின் 'கோஸ்திஸ்'. அது எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கிளைமொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவம். ஜெர்மனில் காஸ்ட், ரஷ்யனில் கோஸ்த், இரண்டுமே விருந்தாளிதான். லத்தீன் மட்டும் வேறு பக்கம் போய்விட்டது.

கேள்வி: 'க' எப்படி 'ஹ' ஆகும்? தற்செயல் ஒற்றுமையாக இருக்கலாமே?

பதில்: ஒரு சொல்லோடு நின்றால் சந்தேகம் நியாயம். ஆனால் இது வரிசையாக நடக்கிறது. தோட்டம் லத்தீனில் ஹோர்டுஸ், ஜெர்மனில் கார்டன். ஆட்டுக்குட்டி லத்தீனில் ஹைடுஸ், ஆங்கிலத்தில் ஆடு 'கோட்'. இங்கே 'க' என்பதைத் 'தங்கம்' என்பதில் வருவதுபோல் ஒலியுங்கள்.

கேள்வி: சரி, வந்த விருந்தாளி எப்படிப் பகைவன் ஆனான்?

பதில்: தொடக்கத்தில் அவன் விருந்தாளியும் இல்லை, பகைவனும் இல்லை. வெளியூரான், அவ்வளவுதான். கி.மு. 450 வாக்கில் ரோமில் எழுதப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் 'ஹோஸ்டிஸோடு குறித்த நாள்' என்று ஒரு தொடர் வருகிறது. பகைவனோடு யாராவது வழக்குக்கு நாள் குறிப்பார்களா? அயலான் என்று கொண்டால்தான் பொருந்தும். கி.மு. 44-இல் ரோமானிய அறிஞர் சிசெரோ இதே தொடரைக் காட்டி, நாம் இன்று அயலான் என்பவனைத்தான் முன்னோர் ஹோஸ்டிஸ் என்றார்கள் என்று எழுதினார். போர்ப் பகைவனுக்கு அந்த முன்னோர் காலத்தில் 'பெர்துவெல்லிஸ்' என்று தனிச்சொல் இருந்தது. முன்னோர் அந்தக் கடுமையான சொல்லை விட்டு மென்மையான சொல்லைப் பகைவனுக்குத் தந்தார்கள், அவ்வளவு பெருந்தன்மை என்பது அவர் விளக்கம்.

எனக்கு அது ஒப்பவில்லை. 'ஹோஸ்டிரே' என்ற பழைய வினைக்கு ஈடுசெய்தல் என்று பொருள். அதை வைத்துப் பார்த்தால் ஹோஸ்டிஸ் என்பவன் பதிலுக்குப் பதில் கடமைப்பட்ட அயலான்: இன்று நீ என் வீட்டில், நாளை நான் உன் வீட்டில். ரோம் அண்டை ஊர்களோடு ஓயாமல் போரிட்ட காலத்தில் அந்த உறவு முறிந்தது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: லத்தீனில் பகைவனுக்கு 'இனிமிகுஸ்' என்றும் உண்டே?

பதில்: அது சொந்தப் பகை. 'அமிகுஸ்' நண்பன், அவனுக்கு எதிர்மறை. ஹோஸ்டிஸ் நாட்டுக்குப் பகைவன்.

கேள்வி: அண்ணா, ஹோட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிடல் எல்லாம் இந்தக் குடும்பம்தானா?

பதில்: ஆமாம், 'ஹோஸ்பெஸ்' வழியாக. கோஸ்தியோடு தலைவன் என்று பொருள்படும் 'போதிஸ்' சேர்ந்த கூட்டுச்சொல் அது. விருந்து கொடுப்பவன், பெறுபவன் இருவருக்கும் அதுவே பெயர். பிரெஞ்சு 'ஓத்', இத்தாலிய 'ஓஸ்பிதே' இன்றும் அப்படியே இருபுறமும் நிற்கின்றன. வந்தவர் தங்கும் இடம் 'ஹோஸ்பிதாலே'. அது பழைய பிரெஞ்சில் 'ஹோஸ்தெல்' ஆகி, பிறகு 'ஸ்' உதிர்ந்து ஹோட்டல் ஆனது. ஹாஸ்பிடலும் முதலில் யாத்திரிகரும் ஏழைகளும் தங்கும் இடம்தான், நோயாளிகள் பிறகு வந்தார்கள்.

இதில் நான் மிகவும் ரசிப்பது அந்தப் 'போதிஸ்'. சமஸ்கிருதப் 'பதி' அதன் உடன்பிறப்பு. அதிபதி, பசுபதி என்று நம் வாயிலும் புழங்குகிறது. 'தம்பதி' இன்னும் சுவை: வேதமொழியில் 'வீட்டின் தலைவன்', இருமையில், அதாவது இருவரைக் குறிக்கும் வடிவில், கணவனும் மனைவியும். அதற்கு நேர் இணை கிரேக்க 'தெஸ்போதேஸ்'. ஆங்கிலத்தில் கொடுங்கோலனைக் குறிக்கும் 'டெஸ்பாட்' அங்கிருந்து வந்ததுதான்.

கேள்வி: ஆங்கிலத்தில் 'ஹோஸ்ட்' என்றால் படை என்றும் அகராதி சொல்கிறதே?

பதில்: அது ஹோஸ்பெஸ் இல்லை, நேராக ஹோஸ்டிஸ். பகைவன், பகைவர் படை, அப்புறம் எந்தப் படையும். ஸ்பானிய 'உவெஸ்தே', ருமேனிய 'வாஸ்தே' இரண்டும் அதே வழியில் வந்தவை.