வயிறு அமைதியா இருந்தா குடல் ஆறிடுச்சுன்னு அர்த்தமா? ஐபிடி கேள்வி-பதில்

குடல் அழற்சி நோய் (ஐபிடி) பத்தி கேள்விகள் நிறைய சேர்ந்துடுச்சு, ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் ஒண்ணாக்கி பதில் போடுறேன். நான் லேப்ல குடல் திசுவை வச்சு ஆராய்ச்சி பண்ற ஆளு, மருந்து விஷயத்துல கடைசி வார்த்தை உங்க கேஸ்ட்ரோ டாக்டரோடதுதான்.

கேள்வி: ஐபிஎஸ், ஐபிடி ரெண்டும் ஒண்ணுதானே சார்?

இல்லைங்க. ஐபிஎஸ்னா எரிச்சல் குடல் கோளாறு, அதுல வலி நிஜம், ஆனா ஸ்கோப் விட்டுப் பாத்தா புண்ணு இருக்காது. ஐபிடில இருக்கும். ஐபிடில ரெண்டு முக்கிய வகை: அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலோட உள் ஜவ்வோட நின்னுடும், க்ரோன்ஸ் வாய்லேர்ந்து ஆசனவாய் வரைக்கும் எங்க வேணா வரும், குடல் சுவர்ல ஆழமாவும் இறங்கும்.

கேள்வி: ஒரு வருஷமா எந்தத் தொந்தரவும் இல்ல, மாத்திரையை நிறுத்திடலாமா?

அதிகமா வந்தது இந்தக் கேள்விதான். தொந்தரவு இல்லைங்கறது வேற, அழற்சி இல்லைங்கறது வேற. எங்ககிட்ட வர்ற பயாப்ஸி துண்டு ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் இருக்கும், பேஷன்ட் "நான் நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்லியிருப்பாரு, ஆனா சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்ல வச்சா கிரிப்ட்னு சொல்ற குட்டிக் குட்டி குழிக்குள்ள நியூட்ரோஃபில்ங்கற வெள்ளை அணுக்கள் கும்பலா உக்காந்திருக்கும். அந்த நேரத்துல மருந்தை விட்டா நோய் திரும்பக் கிளம்ப வாய்ப்பு ஜாஸ்தி, க்ரோன்ஸ்ல சத்தமே இல்லாம தழும்பு விழுந்து குடல் சுருங்கியும் போகலாம். அதுக்காக சும்மா சும்மா கொலனோஸ்கோபி வேணாம், மலத்துல கால்ப்ரொடெக்டின் டெஸ்ட் இருக்கு. இதுவும் அதே நியூட்ரோஃபில்லோட புரதம்தான். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்கு கீழ இருந்தா பொதுவா நிம்மதி, 250ஐத் தாண்டினா உள்ள அழற்சி ஓடுதுன்னு சந்தேகப்படணும், நடுவுல இருந்தா கொஞ்ச நாள் கழிச்சு திரும்ப எடுக்கணும். இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை போட்டாலும் நம்பர் ஏறும், அதை டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

கேள்வி: அப்பாவுக்கு க்ரோன்ஸ். ஜீன் டெஸ்ட் எடுத்தா எனக்கு வருமான்னு தெரியுமா?

தெரியாது, காசு வேஸ்ட். 2001ல நோட்2ங்கற ஜீனுக்கும் க்ரோன்ஸுக்கும் தொடர்பு இருக்கறதைக் கண்டுபிடிச்சாங்க, இப்ப ஐபிடியோட சம்பந்தப்பட்ட இடங்கள் டிஎன்ஏல 200க்கு மேல இருக்கு, ஆனா ஒவ்வொண்ணும் லேசாத்தான் தள்ளிவிடும். ஒரே ஜீனோட பிறந்த இரட்டையர்லயே ஒருத்தருக்கு வந்து இன்னொருத்தருக்கு வராம இருக்கறது சகஜம். ரெண்டு வயசுக்குள்ள வர்ற குழந்தைங்க கதை மட்டும் வேற, அங்க ஐஎல்-10 ரிசெப்டர் (அழற்சியை அடக்கற சிக்னலை வாங்கற புரதம்) மாதிரி ஒத்தை ஜீன் கோளாறு இருக்கலாம், டெஸ்ட் எடுத்தே ஆகணும்.

கேள்வி: தம்பிக்கு சோரியாசிஸ்ங்கற தோல் நோய், அவனுக்குப் போடற ஊசி சூப்பரா கேக்குது. எனக்கு க்ரோன்ஸ், அதையே போடலாமா?

எந்த ஊசின்னு பாக்கணும். டிஎன்எஃப், ஐஎல்-23, ஐஎல்-17 எல்லாம் அழற்சியைத் தூண்டற சிக்னல் புரதங்கள். டிஎன்எஃப்பைத் தடுக்கற இன்ஃப்ளிக்சிமாப் 1998ல அமெரிக்காவுல அனுமதி வாங்கினதே முதல்ல க்ரோன்ஸுக்குத்தான், அப்புறம்தான் சோரியாசிஸுக்குப் போச்சு. ஐஎல்-23ஐத் தடுக்கறதும் ரெண்டுக்கும் கேக்குது. அப்ப அதுக்கு அடுத்த படில இருக்கற ஐஎல்-17ஐயும் தடுக்கலாமேன்னு செகுகினுமாப்ங்கற மருந்தை க்ரோன்ஸ்ல டிரை பண்ணாங்க, 2012ல ரிசல்ட் வந்தப்போ மருந்து போட்டவங்க பிளாசிபோ (மருந்தே இல்லாத போலி ஊசி) போட்டவங்களை விட மோசமா இருந்தாங்க! குடல்ல ஐஎல்-17 சண்டை மட்டும் போடறதில்ல, செல்லுக்கு செல் இணைப்பை இறுக்கிப் பிடிக்கவும் பூஞ்சையை அடக்கவும் அது வேணும். என்னைக் கேட்டா இந்தத் துறைல வந்த ரொம்ப உருப்படியான தோல்வி இதுதான், பல வெற்றிகளை விட இதுல கத்துக்கிட்டது அதிகம். தம்பியோட ஊசி பேரைக் கேட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க.

கேள்வி: சிகரெட் பிடிச்சா கொலைட்டிஸ் வராதாமே?

புகையை விட்டவங்களுக்கு கொலைட்டிஸ் வர்றது கொஞ்சம் கூடுதல்ங்கறது உண்மை. அதே சிகரெட் க்ரோன்ஸை மோசமாக்கும். நுரையீரலைக் கணக்குல சேத்தா இது விவாதமே இல்ல.

கேள்வி: ஆரோக்கியமானவங்க மலத்தைக் குடலுக்குள்ள ஏத்தற சிகிச்சையை வீட்டுலயே செய்யலாமா? வீடியோ பாத்தேன்.

தயவுசெஞ்சு வேணாம். கொலைட்டிஸ்ல சில ட்ரையல்ல பிளாசிபோவை விட நல்லா வந்திருக்கு, ஆனா யாரோட மலம், எத்தனை தடவை, அதுல எந்த பாக்டீரியா வேலை செய்யுதுங்கறதெல்லாம் இன்னும் முடிவாகல. 2019ல அமெரிக்காவுல ட்ரையலுக்கு எடுத்த டோனர் மலத்துலயே மருந்துக்கு மசியாத ஈ கோலை இருந்து, எதிர்ப்பு சக்தி குறைஞ்ச ஒருத்தர் இறந்துட்டாரு. டாக்டருங்க மேற்பார்வைல நடந்ததுலயே இப்படின்னா, உங்க மிக்ஸில அரைச்சதை யாரு டெஸ்ட் பண்ணுவாங்க?