கிளறியது யார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மகள் செக் நாட்டின் தலைநகர் பிராக்கில் வேலை பார்க்கிறாள். போன மாதம் அவளோடு மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே பெட்ரீன் குன்றின் அடிவாரத்தில், டிராம் போகும் சாலையை ஒட்டி, ஒரு படிக்கட்டில் வெண்கல மனிதர்கள் நிற்கிறார்கள். முன்னால் நிற்பவன் முழு ஆள். மேலே போகப் போகக் கை இல்லை, தலை இல்லை, உடம்பு பிளந்து கிடக்கிறது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் பாதிக்கப்பட்டவர்களுக்கான நினைவுச்சின்னமாம். மகளோடு வேலை செய்யும் செக் பெண்ணிடம் அதைப் பற்றிக் கேட்டேன். “என் தாத்தா கட்சியில் இருந்தார், வீட்டில் அதைப் பேச மாட்டோம்” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டாள். ஆட்சி போய் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டுக்குள்ளேயே மனக்கசப்பு வரும் என்றால், பழையதை ஏன் கிளற வேண்டும்?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

அந்தப் படிக்கட்டின் நடுவே ஒரு வெண்கலப் பட்டை ஓடும். தண்டிக்கப்பட்டவர்கள் 2,05,486 பேர், மரண தண்டனை பெற்று இறந்தவர்கள் 248 பேர், சிறையில் இறந்தவர்கள் 4,500 பேர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். 1948 முதல் 1989 வரையான கணக்கு அது. ஆனால் ‘கிளறுவது’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு கல்லறை. அங்கே நிஜமாகவே மண்ணைத் தோண்டினார்கள். தோண்டியது யார் என்பதைக் கேளுங்கள்.

1968 ஆகஸ்டில் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் நுழைந்தன; செக்கும் ஸ்லோவாகியாவும் அன்று ஒரே நாடு. அடுத்த ஜனவரி 16ஆம் தேதி யான் பாலாக் என்ற இருபது வயது மாணவர், வென்செஸ்லாஸ் சதுக்கத்தில், தேசிய அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் தன் உடலுக்குத் தீ வைத்துக்கொண்டார். படை வந்ததைவிட, மக்கள் மெல்ல மெல்ல அதற்குப் பழகிப்போவதுதான் அவரை வாட்டியது. தணிக்கையை நீக்கு என்பது அவர் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. மூன்று நாள் கழித்து இறந்தார். பிராக்கின் ஓல்ஷனி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அன்றிலிருந்து அந்த இடத்தில் பூவும் மெழுகுவத்தியும் ஓயவில்லை.

ஆட்சிக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. சிற்பி ஓல்ப்ராம் சோவ்பெக் செய்த வெண்கலப் பலகையை ரகசியப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய் உருக்கிவிட்டது. அப்புறம் 1973இல் குடும்பத்தை நெருக்கி, கல்லறையையே தோண்டி, உடலை எடுத்து எரித்துவிட்டார்கள். காலியான குழியில் சம்பந்தமே இல்லாத ஒரு மூதாட்டியைப் புதைத்து, அவர் பெயரைக் கல்லில் பொறித்தார்கள். மகனின் சாம்பலைத் தாய் தன் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் வைக்க அடுத்த வருடம்தான் அனுமதி கிடைத்தது. அப்போதும் ஜனங்கள் ஓல்ஷனிக்கு வந்தார்கள். அந்த மூதாட்டியின் பெயருக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போனார்கள். 1990இல் அஸ்திக் கலசம் திரும்ப அங்கேயே வந்தது.

ஆக, கிளறியது அவர்கள். பின்னால் வந்தவர்கள் செய்தது, எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்ததுதான். செக் மக்களின் நினைவுகூரலை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

மிலாடா ஹொராக்கோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். நாஜிகளின் சிறையிலிருந்து உயிரோடு வந்த வழக்கறிஞர், நாடாளுமன்ற உறுப்பினர். 1950இல் ஜோடித்த வழக்கில் தூக்குத் தண்டனை விதித்தார்கள். ஐன்ஸ்டீனும் சர்ச்சிலும் கேட்டுக்கொண்டும் பயனில்லை. ஜூன் 27 விடியற்காலையில் தூக்கிலிட்டார்கள். கடைசி நாட்களில் பதினாறு வயது மகளுக்கும் வீட்டாருக்கும் அவர் எழுதிய கடிதங்களை அதிகாரிகள் கொடுக்கவே இல்லை. மகள் கையில் அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது ஆட்சி விழுந்த பிறகு, 1990இல். அம்மா எழுதியதை அம்மாவைவிட வயது கூடிப்போன மகள் படிக்கிறாள். இதைக் கிளறல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சாம்பலோ இன்றுவரை கிடைக்கவில்லை. பிராக்கின் விஷெஹ்ராட் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு இருக்கும் கல்லறை பெயரளவில்தான். ஜூன் 27 இப்போது அந்த நாட்டில் கம்யூனிஸ்ட் ஆட்சியால் பாதிக்கப்பட்டோரின் நினைவு நாள்.

சரி, அந்தப் பெண்ணின் தாத்தாவுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் கனம் அங்கேதான் இருக்கிறது. ஹொராக்கோவா வழக்கு நடந்தபோது, கடுமையான தண்டனை கொடு என்று தொழிற்சாலைகளிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கில் தீர்மானங்கள் போயின. கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் கொடியவர்கள் இல்லை. வேலை போய்விடும் என்று பயந்தவர்கள் இருப்பார்கள், வானொலியில் கேட்டதை நம்பியவர்கள் இருப்பார்கள், பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்காதே என்று தலையாட்டியவர்களும் இருப்பார்கள். 1996இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, ரகசியப் போலீஸ் தன்னைப் பற்றி வைத்திருந்த கோப்பை ஒருவர் கேட்டு வாங்கிப் படிக்கலாம். தன்னைப் பற்றித் தகவல் சொன்னது நண்பர்தான் என்று அதில் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. சிலர் படிக்கவே வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள். அந்த முடிவையும் நான் மதிக்கிறேன். ஒருவர் தன் கோப்பைத் திறக்காமல் இருப்பது அவர் உரிமை. கோப்பையே யாரும் பார்க்கக் கூடாது என்று பூட்டி வைப்பது வேறு. 1989 டிசம்பரில் ரகசியப் போலீஸ் அவசர அவசரமாகக் கோப்புகளை அழித்ததே, அது இந்த இரண்டாவது வகை.

அந்தப் பெண்ணிடம் நீங்களாக மறுபடி கேட்க வேண்டாம். அவளாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். அடுத்த முறை போகும்போது ஓல்ஷனிக்கும் ஒரு நடை போய்வாருங்கள். ஒரு மெழுகுவத்தி பாலாக்குக்கு. இன்னொன்று, இருபது வருடத்துக்குக் கிட்ட அவருடைய இடத்தில் படுத்திருந்த அந்த மூதாட்டிக்கு. அவரையும் யாரும் கேட்டுக்கொண்டு அங்கே வைக்கவில்லை.

அன்புடன்