குறைந்த செலவில் அரிய நிற பால் பைதான் வேண்டுமென்றால் வாங்குவதா, நாமே குஞ்சு பொரிக்க வைப்பதா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் படிக்கும் மாணவர். பால் பைதான் (ball python) என்பது வீட்டில் வளர்க்கும் ஒரு சிறிய மலைப்பாம்பு. அதில் பைபால்ட் எனும் வெள்ளையில் திட்டுத் திட்டான நிறப் பாம்பு அல்லது நீலக்கண் வெள்ளைப் பாம்பு, இரண்டில் ஒன்று வேண்டும், கையில் இருப்பது சுமார் 400 டாலர் என்று எழுதியிருக்கிறார். விலை குறைந்த பாம்புகள் இரண்டை வாங்கி ஜோடி சேர்த்து அந்த நிறத்தை எடுத்துவிட்டால் மிச்சமாகுமா என்பது அவருடைய சந்தேகம்.

உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு அழகான பாம்பு என்றால், யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். குஞ்சு எடுப்பது எந்தக் கணக்கிலும் மலிவான வழி கிடையாது. நான் சிகாகோ பக்கம் வசிக்கிறேன். சில ஆண்டுகளாகப் பால் பைதான் வளர்க்கிறேன், சிறிய அளவில் குஞ்சும் எடுக்கிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் விலை எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடலாம். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் நாடுகளில் இந்தப் பாம்பு ஏராளம். கரும்பழுப்பு உடம்பில் பொன்பழுப்புத் திட்டுகள், அதுதான் இயல்பான நிறம். எப்போதாவது ஒன்று வேறு நிறத்தில் பிறக்கும். அப்படி வந்த ஒன்றைக் கொண்டு 1992-ல் அமெரிக்கப் பாம்பு வளர்ப்பாளர் பாப் கிளார்க் கூண்டில் முதல் அல்பினோ குஞ்சுகளை எடுத்தார். 1997-ல் இன்னொரு வளர்ப்பாளர் பீட் கால், பைபால்ட் நிறம் பரம்பரையாக வருவது என்று நிரூபித்தார். அந்தக் காலத்தில் ஒரு பைபால்ட் வாங்க ஒரு காரின் விலை கொடுக்க வேண்டியிருந்தது. இன்று நான் பார்க்கும் கண்காட்சிகளில் ஆண் பைபால்ட் 200 டாலர் அளவில் கிடைக்கிறது. பாம்பு அதேதான், வெள்ளை உடம்பில் மை ஊற்றியது போன்ற அதே திட்டுகள்தான். ஜீன் பல பேர் கைக்குப் போய்விட்டது, விலை இறங்கிவிட்டது. ஒரு பெண் வருடத்துக்கு நான்கு முதல் எட்டு முட்டை வரை இடும். ஒரே ஆணைப் பல பெண்களோடு சேர்க்கலாம். அதனால் எந்தப் புது மார்ஃபும் (ஜீனால் வரும் நிற வகையும்) பத்து வருடத்துக்கு மேல் அரியதாக நீடிப்பது கஷ்டம்.

ஆகவே கையில் பணம் குறைவு என்றால் இந்த வருடத்துப் புது மார்ஃபைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். பத்துப் பதினைந்து வருடம் பழகிய ஜீனைத் தேடுங்கள். பைபால்ட், கிளௌன், அல்பினோ, பனானா, மொஹாவி, லெஸ்ஸர் என்ற மார்ஃப்கள் எல்லாம் இப்போது மாணவர் கைக்கு எட்டும் விலையில்தான் இருக்கின்றன.

அதிலும் விலை குறைய சில வழிகள் உண்டு. ஆண் பாம்பு வாங்குங்கள். குஞ்சு எடுப்பவர்களுக்குப் பெண்தான் முதலீடு, ஆண் ஒன்று இருந்தாலே போதும். அதனால் ஒரே நிறத்தில் ஆணுக்கு விலை குறைவு. வளர்ப்புக்கு இரண்டும் ஒன்றுதான், சொல்லப்போனால் ஆண் கொஞ்சம் சிறியதாகவே நிற்கும். பைபால்டில் வெள்ளை குறைவாக இருந்தால் விலையும் குறையும். எனக்கு வெள்ளை குறைந்தவைதான் பிடிக்கும், திட்டின் ஓரத்தில் வரும் அந்தக் கறுப்புக் கோடுகளை அவற்றில்தான் நன்றாகப் பார்க்க முடிகிறது. அப்புறம், பெரிய குஞ்சு எடுப்பாளர்கள் தங்களுக்கென்று எடுத்து வைத்து வளர்த்து, பிறகு திட்டம் மாறி விற்கும் ஒன்றரை இரண்டு வயதுப் பாம்புகளைக் கேட்டுப் பாருங்கள். நன்றாகத் தின்று பழகியவை, முதல் வருடத்துக் கவலை இல்லை. குளிர்காலம் நெருங்கும்போது, அந்த வருடக் குஞ்சுகள் ரேக்கில் (அடுக்கு டப்பா அலமாரியில்) நிறைந்து கிடக்கும் சமயத்தில், விலை பேசுவதும் எளிது.

பனானாவில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பால் பைதானுக்கும் நம்மைப்போல எக்ஸ், ஒய் குரோமோசோம்கள்தான் என்று 2017-ல்தான் தெளிவானது. பனானா ஜீன், ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் அந்தக் குரோமோசோமிலேயே உட்கார்ந்திருக்கிறது. தகப்பனிடமிருந்து அந்த ஜீனைப் பெற்ற ஆண், தன் பங்குக்குப் பெரும்பாலும் ஆண் பனானாக்களையே கொடுக்கும். தாயிடமிருந்து பெற்ற ஆண் பெரும்பாலும் பெண் பனானாக்களைக் கொடுக்கும். முதல் வகையை ‘மேல் மேக்கர்’ (male maker, ஆண்களைத் தருவது) என்பார்கள். அதனால் சந்தையில் ஆண் பனானா மலிந்து கிடக்கிறது. ஊதாவும் மஞ்சளும் கலந்த அந்தப் பாம்பை 100 டாலருக்குள் வாங்கலாம்.

எங்கே வாங்குவது? இணையத்தில் மார்ஃப்மார்க்கெட் பெரிய சந்தை, விலை நிலவரம் தெரிந்துகொள்ளவும் அதுவே வசதி. ஆனால் முதல் பாம்பை நேரில் பார்த்து வாங்குங்கள் என்பேன். அனுப்பும் கூலியே சில சமயம் பாம்பின் விலையில் பாதி ஆகிவிடும். இங்கே டின்லி பார்க்கில் மார்ச்சிலும் அக்டோபரிலும் பெரிய கண்காட்சி நடக்கும். டெக்சஸில் ஆர்லிங்டனில் நடக்கும், ஃபுளோரிடாவில் டேடோனாவில் நடக்கும். மேசை மேசையாக ஒரு சுற்று முழுக்கப் பார்த்த பிறகு கையில் எடுங்கள்.

எடுத்ததும் நான் செய்வது இது: பாம்பைக் கையில் விட்டு, விரலை முதுகுத்தண்டு நெடுக மெல்ல ஓட்டுவேன். முடிச்சோ வளைவோ தட்டினால் வைத்துவிடுவேன். பிறகு கண்ணைச் சுற்றியுள்ள மடிப்பையும் தாடைக்கடியையும் பார்ப்பேன், மிளகுத்தூள் அளவில் கறுப்பாக ஏதாவது நகர்ந்தால் அது மைட், ரத்தம் உறிஞ்சும் சிற்றுண்ணி. முகத்தருகே காது கொடுத்துக் கேட்டால் மூச்சில் சத்தமோ குமிழியோ இருக்கக் கூடாது. கடைசியாக, என்ன தின்கிறது, உறைந்த எலியை உருக்கிக் கொடுத்தால் எடுக்கிறதா, கடைசியாக எப்போது தின்றது என்று கேட்பேன். ஒழுங்கான ஆள் சீட்டில் எழுதி வைத்திருப்பார். வீட்டில் வேறு பாம்பு இருந்தால் புதியதை மூன்று மாதம் தனி அறையில் வையுங்கள். மூச்சு நோய் தரும் நைடோவைரஸ் ஒரு ரேக்கையே காலி செய்துவிடும்.

மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக ஸ்பைடர் என்ற மார்ஃபை வாங்காதீர்கள். கோலம் மிக அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஜீன் இருக்கும் ஒவ்வொரு பாம்புக்கும் தலை ஆட்டம் ஏதோ ஓர் அளவில் உண்டு. 2022-ல் வந்த ஓர் ஆய்வு, அவற்றின் உட்காதில் சமநிலையைக் காக்கும் பகுதிகளே கோணலாக உருவாகியிருப்பதை ஸ்கேனில் காட்டியது. இரையைக் கவ்வப்போய்த் தலை கவிழ்ந்து தடுமாறும் பாம்பை ஒருமுறை நேரில் பார்த்தால் வாங்க மனம் வராது. சாம்பேன், வோமா மார்ஃப்களிலும் இந்த ஆட்டம் வரும். டெசர்ட் மார்ஃப் பெண்ணுக்கு முட்டையிடுவதில் சிக்கல், கேரமல் அல்பினோவில் முதுகு வளைவு. ‘சலுகை விலை’ என்று கண்ணில் பட்டால் இந்தப் பெயர்கள் ஞாபகம் வரட்டும்.

சரி, குஞ்சு எடுப்பதற்கு வருவோம்.

பைபால்ட், கிளௌன், அல்பினோ எல்லாம் ஒடுங்கு ஜீன்கள். தாய், தகப்பன் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் நிறம் வெளியே தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பார்க்கச் சாதாரணப் பாம்பு, அதைத்தான் ‘ஹெட்’ என்கிறார்கள். நீங்கள் நினைப்பது போல ஹெட் இரண்டை வாங்கிச் சேர்த்தால், ஒவ்வொரு முட்டைக்கும் நிறம் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஆறு முட்டை வந்தால் ஒன்றாவது பைபால்டாக இருக்க 82 சதவீதம் வாய்ப்பு. நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த ஆறு முட்டைக்கு முன்னால் பெண் பாம்பு 1500 கிராம் எடைக்கு வர வேண்டும், அதற்குப் பொதுவாக மூன்று வருடம். அதுவரை இரண்டு கூண்டு, இரண்டு தெர்மோஸ்டாட், வாரம் தவறாமல் எலி. அந்தச் செலவில் கண்ணுக்கு எதிரே நிற்கும் பைபால்டையே வாங்கிவிடலாம். இரண்டு ஒடுங்கு ஜீன்கள் சேர்ந்த பாம்பை இரட்டை ஹெட் ஜோடியிலிருந்து எடுக்கப் பார்த்தால் முட்டைக்குப் பதினாறில் ஒன்றுதான், ஆறு முட்டைக்கு 32 சதவீதம். பல பேர் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

‘66 சதவீத ஹெட்’ என்று சீட்டு ஒட்டி விற்பதற்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ஹெட் ஜோடிக்குப் பிறந்த சாதாரண நிறக் குஞ்சு அந்த ஜீனைச் சுமக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். இப்போது பாம்பு உரித்த சட்டையின் ஒரு துண்டை அனுப்பினால் பல ஜீன்களுக்குச் சோதித்துச் சொல்லும் ஆய்வகங்கள் இருக்கின்றன. சோதனை முடிவு இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் சாதாரணப் பாம்பின் விலை கொடுங்கள். எக்ஸாந்திக் (மஞ்சள் நிறமி இல்லாத மார்ஃப்) வாங்குபவர்கள் எந்த வம்சம் என்றும் கேட்க வேண்டும். வி.பி.ஐ. வம்சமும் டி.எஸ்.கே. வம்சமும் பார்வைக்கு ஒன்றுபோலக் கறுப்பு வெள்ளைதான், ஆனால் ஒன்றோடொன்று சேர்த்தால் குஞ்சில் அந்த நிறம் வராது.

அப்படியும் குஞ்சு எடுத்தே தீருவேன் என்றால், உங்கள் இரண்டாவது ஆசையான நீலக்கண் வெள்ளைப் பாம்பில் தொடங்குங்கள். சிக்கனமான திட்டங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். மொஹாவி ஒன்று, லெஸ்ஸர் ஒன்று. இரண்டும் ஒரே ஜீனின் வெவ்வேறு வடிவங்கள், ஒன்று இருந்தாலே பார்வைக்குத் தெரியும் வகை. ஆணை 100 டாலருக்குள் வாங்கலாம், பெண் கொஞ்சம் கூடுதல். சேர்த்தால் நான்கில் ஒன்று தூய வெள்ளை, நீலக்கண். மீதியிலும் மொஹாவி, லெஸ்ஸர் வரும், சாதாரணம் நான்கில் ஒன்றுதான். மொஹாவியையும் மொஹாவியையும் சேர்த்தால் தலையில் சாம்பல் படியும். லெஸ்ஸரோடு லெஸ்ஸர் சேர்த்தால் கண் பிதுங்கிய குஞ்சுகள் வரலாம். அதனால் இந்தக் கலப்பு ஜோடிதான் சரி.

பெண்ணைக் குளிர்காலத்தில் ஆணோடு அவ்வப்போது விடுவேன். முட்டைக்கரு இறங்கும்போது நடு உடம்பு பெரிய இரை விழுங்கியது போல ஒரு நாள் வீங்கும். பிறகு ஒருமுறை சட்டை உரிக்கும், அதிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் முட்டை. தாய் அவற்றைச் சுற்றி இறுக்கமாகச் சுருண்டுகொள்ளும். வால் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து எடுக்க வேண்டும், முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பிரிக்க வேண்டாம். கோழிமுட்டையைத் திருப்புவது போல இதைத் திருப்பவே கூடாது, கரு செத்துவிடும். மேலே பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் பக்கம் மேலாகவே ஈரமான வெர்மிகுலைட்டில் (ஈரம் பிடித்து வைக்கும் ஒரு கனிமத் துகள்) வையுங்கள். இன்குபேட்டருக்குப் பணம் போட வேண்டியதில்லை. கடற்கரைக்கு எடுத்துப்போகும் பழைய ஐஸ் பெட்டி, ஹீட் டேப் (சூடேற்றும் மின்பட்டை), நம்பகமான தெர்மோஸ்டாட், இவை போதும். 31 முதல் 32 டிகிரி செல்சியஸ், 55 முதல் 60 நாள்.

தெர்மோஸ்டாட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கூண்டிலும் அப்படித்தான். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25, ஈரப்பதம் 60 சதவீதம், உடம்பு உரசி நுழையும் அளவுக்கு இரண்டு மறைவிடங்கள். உங்கள் 400 டாலரில் பாதியை இதற்கு ஒதுக்கிவிட்டு மீதிக்குப் பாம்பு பாருங்கள்.

குஞ்சு வந்த பிறகுதான் உண்மையான வேலை. ஒவ்வொன்றுக்கும் தனி டப் (பிளாஸ்டிக் பெட்டி), தனித் தண்ணீர், தனி இரை. சில குஞ்சுகள் வாரக்கணக்கில் எதையும் தொடாது. மூன்று வேளையாவது தானாகத் தின்ற பிறகே விற்க வேண்டும். சாதாரண நிறத்துக் குஞ்சை 30, 40 டாலருக்குக்கூட வாங்க ஆள் கிடைக்காத மாதங்கள் உண்டு, அதற்கும் இடமும் எலியும் வேண்டும். நல்ல பராமரிப்பில் இது முப்பது வருடம் சாதாரணமாக வாழும். செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண், பல வருடமாக ஆணே பக்கத்தில் இல்லாமல், 2020-ல் முட்டையிட்டது. விற்காமல் போன அத்தனை குஞ்சையும் நானே வைத்து வளர்ப்பேன் என்று உங்களால் சொல்ல முடிந்தால் மட்டும் பாம்புகளை ஜோடி சேர்த்துவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: பால் பைதான், உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம். 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். தாள் இல்லாமல் மலிவாகக் கொடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அது பெரும்பாலும் கடத்தல் சரக்கு. பாங்காக்கிலிருந்து வந்த பைகளில் துணியில் கட்டித் திணிக்கப்பட்ட பால் பைதான்கள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. சிங்கப்பூரில் பாம்பை வீட்டில் வளர்க்கவே அனுமதி இல்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் விதி மாறும். நீங்கள் விடுதியிலோ வாடகை வீட்டிலோ இருந்தால், பாம்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.