சர்வர் உறைந்தால் ப்ராக்ஸிக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: ஃப்ரீரேடியஸ் 3 (பயனர் உள்நுழைவைச் சரிபார்க்கும் மென்பொருள்) ப்ராக்ஸியின், அதாவது கோரிக்கைகளை வேறு சர்வருக்குக் கடத்தும் இடைநிலை சர்வரின், பின்னால் இரண்டு அங்கீகார சர்வர்களை ஃபெயில்ஓவர் முறையில் (ஒன்று விழுந்தால் மற்றது ஏற்கும்படி) இணைத்திருக்கிறோம். முதலாவது உறைந்தபோது இரண்டாவது வேலையை ஏற்றது. ஆனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சிலரால் உள்நுழைய முடியவில்லை. ஏன்?

பதில்: ப்ராக்ஸி.கான்ஃப் கோப்பில் ‘ஸ்டேட்டஸ் செக்’ (சர்வர் நிலையைச் சோதிக்கும் முறை) ‘நன்’ (எதுவுமில்லை) என்று இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். அந்த நிலையில், இறந்ததாகக் குறித்த சர்வரை ‘ரிவைவ் இன்டர்வல்’ (120 நொடி) முடிந்ததும் ப்ராக்ஸி கண்ணை மூடிக்கொண்டு ‘உயிருடன்’ என்று மாற்றிவிடும். அடுத்து வரும் பயனர்கள் சோதனை எலிகள்.

அதை ‘ஸ்டேட்டஸ்-சர்வர்’ (‘உயிருடன் இருக்கிறாயா?’ என்று கேட்கும் பாக்கெட்) என்று மாற்றுங்கள். ப்ராக்ஸி 30 நொடிக்கு ஒருமுறை (‘செக் இன்டர்வல்’) தானே விசாரிக்கும். மூன்று பதில்கள் தொடர்ந்து வந்தால்தான் சர்வரை மீண்டும் சேர்க்கும். மீள ஒன்றரை நிமிடம் ஆகலாம். அவசரப்பட்டு அதைக் குறைக்க வேண்டாம். எதிர்முனையிலும் ஸ்டேட்டஸ்-சர்வர் வசதி இயங்க வேண்டும். அது இல்லாத சர்வருக்கு ‘ரிக்வெஸ்ட்’ முறையில் ஒரு போலிப் பயனர் பெயரைக் கொடுங்கள். மறுப்பு வந்தாலும் அதுவும் பதில்தான்.

இந்த விசாரிப்பு அடுத்த கண்ணியோடு மட்டுமே நடக்கும் என்பது பலர் கவனிக்காத நன்மை. உங்கள் சர்வர் வேறொன்றுக்குக் கோரிக்கைகளை அனுப்புகிறது, அந்தக் கடைசி சர்வர் செத்துவிட்டது என்று வையுங்கள். ‘நன்’ என்றால் நடுவில் உள்ள நல்ல சர்வருக்கும் சேர்த்து இறப்புச் சான்றிதழ் எழுதப்படும்.

‘ரெஸ்பான்ஸ் விண்டோ’ (பதிலுக்கு ப்ராக்ஸி காத்திருக்கும் நேரம்) 20 நொடி என்றிருந்தால் அதையும் திருத்துங்கள். அணுகல் சாதனம் (வைஃபை அணுகல் புள்ளி போன்றது) 5 நொடி வீதம் மூன்று முறை அனுப்பி 15 நொடியில் கைவிடுமானால், ப்ராக்ஸி முடிவெடுக்கும் முன்பே அது ப்ராக்ஸியையே பழிக்கும். 6 நொடி போதும். அதற்குள் பதில் வராவிட்டால் சர்வர் ‘ஸோம்பி’ ஆகும். புதிய கோரிக்கைகள் இரண்டாவதுக்குப் போகும். ‘ஸோம்பி பீரியட்’ 40 நொடியும் மௌனமாகக் கழிந்தால்தான் ‘இறந்தது’.

கேள்வி: ஃபெயில்ஓவருக்குப் பதில் ‘லோட்-பேலன்ஸ்’ (சுமையைச் சர்வர்களுக்கிடையே பகிரும் முறை) வைக்கலாமா?

பதில்: ஈஏபி (வைஃபை போன்றவற்றில் பயன்படும் அங்கீகார நெறிமுறை) இருந்தால் கூடாது. அந்த உரையாடல் பல பாக்கெட்டுகளில் நடக்கும். முழுவதும் ஒரே சர்வரில் முடிய வேண்டும். ‘கிளையன்ட்-போர்ட்-பேலன்ஸ்’ அல்லது ‘கீட்-பேலன்ஸ்’ எடுங்கள். நடுவில் சர்வர் மாறினால் அந்த ஒரு உள்நுழைவு தோற்கும். சாதனம் மறுபடி முயலும்.

கேள்வி: இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது?

பதில்: சர்வர் நிரலை நிறுத்திப் பார்ப்பது போதாது, உறைவது வேறு, நிற்பது வேறு. ‘கில் -ஸ்டாப்’ கொடுத்து நிரலை உறைய வையுங்கள். ரேட்அட்மினில் (ஃப்ரீரேடியஸின் நிர்வாகக் கருவி) ‘ஷோ ஹோம்_சர்வர் லிஸ்ட்’ இட்டு நிலை மாறுவதைக் கவனித்துவிட்டு, ‘கில் -கான்ட்’ கொடுத்து நிரலை மீண்டும் ஓட விடுங்கள்.