விளிம்பு தடித்த உருளியை அளப்பது எப்படி?

கேள்வி: எங்கள் வெண்கல உருளியின் பக்கச்சுவர் எவ்வளவு தடிமன் என்று அறிய விரும்புகிறேன். விளிம்பு தடித்திருப்பதால் காலிப்பரை (தடிமன் அளக்கும் இருகால் கருவி) விரிக்காமல் வெளியே எடுக்க முடியவில்லை. விரித்தால் அளவு கலைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இதற்கு வளைந்த கால்களுள்ள வெளிக் காலிப்பரே ஏற்றது. சரியாக 10 மி.மீ. தடிமனுள்ள ஓர் இரும்புக் கட்டையைச் சுவரின் வெளிப்புறத்தில் ஒட்டிப் பிடித்து (மரக்கட்டை அழுந்திக்கொடுக்கும், வேண்டாம்), இரண்டையும் சேர்த்துக் கால்முனைகள் இலேசாக உரசும்வரை மூடிய பின், முதலில் கட்டையை உருவிவிட்டால், அந்த இடைவெளியில் காலிப்பர் தன் அளவு மாறாமல் விளிம்பைத் தாண்டி வந்துவிடும். கால்முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை வெர்னியர் காலிப்பரின் (அளவுகோல் பொறித்த, நகரும் தாடையுள்ள கருவி) உள் அளவு எடுக்கும் தாடைகளால் அளக்கும்போது 13.4 மி.மீ. காட்டினால், சுவரின் தடிமன் 3.4 மி.மீ. ஆகும். உட்புறக் குழிவில் கட்டையை வைத்தால் அதன் ஓரங்கள் மட்டுமே தொடும்; நடுவில் இடைவெளி விழுந்து அளவு கூடிவிடும். அதனால்தான் வெளிப்புறம் என்றேன்.

குழாய்களிலும் இதே பிழைதான் நேர்கிறது. உள்விட்டம் 20 மி.மீ. உள்ள குழாய்க்குள் 3 மி.மீ. அகலமுள்ள தட்டைத் தாடையை நுழைத்தால், தடிமன் சுமார் 0.11 மி.மீ. கூடுதலாகத் தெரியும். அங்கே சுவருக்கும் குழாய்க்குள் இருக்கும் தாடைக்கும் இடையில் ஒரு பேரிங் குண்டை வைத்து அளந்து, குண்டின் விட்டத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.