உடைந்த ஜேட் வளையலும் கழிந்த கண்டமும்

கேள்வி: பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கையில் எப்போதும் ஜேட் என்னும் பச்சை மணிக்கல்லில் செய்த வளையல் இருக்கும். அதைப் பார்த்து ஆசைப்பட்டு, சிங்கப்பூர் சைனாடவுனில் ஒரு கடையில் 680 வெள்ளிக்கு (டாலருக்கு) நானும் ஒன்று வாங்கினேன். “அசல் ஜேட்” என்று சொல்லித்தான் விற்றார்கள். மூன்றாவது வாரம், பாத்திரம் கழுவும்போது குழாயில் லேசாகத் தட்டி இரண்டாகிவிட்டது. கடையில் போய்க் கேட்டால், “உங்களுக்கு வந்த கண்டத்தை வளையல் வாங்கிக்கொண்டது, சந்தோஷப்படுங்கள்” என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?
- வாசகி, ஈசூன்

பதில்: கடைக்காரர் கதை கட்டவில்லை. வளையல் உடைந்தால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பது சீனர்களிடம் உண்மையிலேயே உள்ள நம்பிக்கை. ஜேட் அவர்களுக்கு அவ்வளவு உயர்ந்த கல்; சீனர்களின் தாவோ சமயத்தில் விண்ணுலக அரசருக்கே ஜேட் பேரரசர் என்றுதான் பெயர். ஆனால் நம்பிக்கை வாங்கியவருக்கு ஆறுதல். விற்றவருக்குக் கேடயமாக முடியாது.

முதலில் ரசீதை எடுத்துப் பாருங்கள். வெறும் “ஜேட் வளையல்” என்று இருக்கிறதா, ‘ஏ’ வகை என்று இருக்கிறதா? ‘ஏ’ என்றால் மெழுகு மெருகு தவிர வேறெதுவும் செய்யாத கல். ‘பி’ வகையை அமிலத்தில் ஊறவைத்துக் கறை நீக்குவார்கள். அதில் கல்லின் உள்கட்டு அரித்துப்போகும். இடைவெளிகளில் பிசினை ஏற்றி அடைப்பார்கள். புதிதில் கண்ணாடிபோலப் பளபளக்கும், நாளாக ஆக மஞ்சளடிக்கும், சீக்கிரம் உடையும். ‘சி’ என்பது சாயம் ஏற்றியது. வில்லங்கம் என்னவென்றால், ‘பி’யும் ஜேட்தான். அதனால் “அசல் ஜேட்” என்ற வாய்ச்சொல்லுக்குள் எதையும் நுழைத்துவிடலாம்.

நல்ல ‘ஏ’ வளையலும் ஓங்கி இடித்தால் உடையும், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்படியானால் கடையைக் குறை சொல்ல முடியாது. எனவே துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். சிவப்புத் துணியில் சுற்றி வைக்கச் சொல்லிப் பாட்டி சொன்னால் அப்படியே செய்யுங்கள். அந்தத் துண்டுகள்தான் உங்கள் சாட்சி. ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் அகச்சிவப்புக் கதிர்ச் சோதனை செய்தால் பிசின் இருப்பது தெரிந்துவிடும். தட்டினால் மணிபோல ஒலிக்கும் என்பதெல்லாம் பழகிய காதுக்கு, நமக்கு உதவாது.

‘பி’ என்று அறிக்கை வந்தால், ‘ஏ’ என்று நம்பவைத்து விற்றதாக வாதாடலாம். பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே அது இருந்ததாகத்தான் சிங்கப்பூர்ச் சட்டம் பொதுவாக எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது கடைக்காரர் வேலை. கடை மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள். அங்கும் முடியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுப்பார்கள். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞருக்கு அங்கே இடமே இல்லை.

அடுத்த முறை வாங்கும்போது பாட்டியையும் கூட்டிப்போங்கள். ரசீதில் ‘ஏ’ வகை, இயற்கை ஜேடைட் (ஜேட் கல்லில் ஒரு வகை) என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.